வம்சாவளி மென்பொருள்: படம் வரைந்தால் முடிகிற வேலையா?

வம்சாவளியைச் சொந்த இணையதளத்தில் வெளியிடும் மென்பொருளைத் தீர்ந்துபோன வேலை என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். பெட்டியும் கோடுமாக ஒரு படத்தைத் திரையில் வரைந்துவிட்டால் மென்பொருள் முடிந்தது, மீதியெல்லாம் பெயர்களைத் தட்டச்சு செய்கிற வேலை என்பது அவர்கள் எண்ணம். அந்தப் படத்தையும் பெரிய நிறுவனங்கள் இலவசமாகவே வரைந்து தருகின்றன. ஆகவே ஒரு குடும்பம் தனக்கென்று தளம் வைத்துக்கொள்வதும், அதற்காக ஒருவர் உட்கார்ந்து நிரல் எழுதுவதும் வீண் உழைப்பு என்கிறார்கள். நிரலாளர்களிடையேயும் இந்த எண்ணம் ஆழ வேரூன்றியிருக்கிறது. மரம் என்பது கணினிப் படிப்பில் தொடக்கப் பாடம். ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று தொடங்குகிறார்கள்.

இது அடிப்படையிலேயே தவறான கருத்து. இந்த வேலையில் படம் வரைவது கடைசியில் வருகிற சிறு பகுதி. அதற்கு முன்னால், ஒரு வீட்டின் உறவுமுறையை உள்ளபடி குறித்துவைக்க வேண்டும். யாரைப் பற்றி எவ்வளவு ஊருக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டுக்கும் விடை வீட்டுக்கு வீடு மாறும். எல்லா வீட்டுக்கும் ஒரே அச்சை வைத்திருக்கும் நிறுவனம் அந்த விடையைத் தர முடியாது.

மரம் என்ற சொல்லிலேயே குழப்பம் தொடங்குகிறது. கணினியில் மரம் என்றால் ஒவ்வொரு கணுவுக்கும் மேலே ஒரே ஒரு கணுதான் இருக்கும். மனிதருக்கோ மேலே இரண்டு பேர். ஒரு பாட்டனிடமிருந்து கீழே இறங்கும்போது மரம் போலத் தெரிகிறது என்றால், மருமக்களைப் பெற்றோர் இல்லாதவர்கள் போல அந்தரத்தில் நிறுத்தியிருக்கிறோம் என்று பொருள். ஒரு குழந்தையிலிருந்து மேலே ஏறும்போது மரம் போலத் தெரிகிறது என்றால், முன்னோர் யாரும் இருமுறை வரமாட்டார் என்று நாமாகவே எண்ணிக்கொண்டோம் என்று பொருள்.

மேலே ஏறும் வரிசைக்கு ஐரோப்பாவில் பழைய எண்முறை ஒன்று உண்டு. 1590இல் மிகாயேல் ஐட்சிங்கரும், 1676இல் ஸ்பெயினின் ஹெரோனிமோ தெ சோசாவும் கையாண்டது. 1898இல் ஸ்டெபான் கெக்குலே ஃபான் ஷ்ட்ராடோனிட்ஸ் அதைப் பரவலாக்கினார். தொடங்குகிறவருக்கு எண் 1. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தையின் எண். அதனுடன் ஒன்று சேர்த்தால் தாயின் எண். கணினிக்கு இதைவிட வசதியான முறை கிடையாது. அதனாலேயே எண்ணற்ற நிரல்கள் இந்த எண்ணையே ஒருவரின் அடையாள எண்ணாகவும் வைத்துக்கொள்கின்றன. ஓர் எண்ணுக்கு ஓர் ஆள் என்பது சரி. ஆனால் ஓர் ஆளுக்கு ஓர் எண்தான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டிக்கொண்ட வீடு தமிழ்நாட்டில் அரிதானதல்ல. ஓர் ஆச்சிக்கு மூத்தது மகள், இளையது மகன். மகளுக்குப் பிறந்த பெண்ணை அந்த மகன் மணக்கிறான். அவர்களுடைய குழந்தைக்கு எண் 1 கொடுத்தால் தந்தை 2, தாய் 3. தந்தையைப் பெற்றவர் என்ற வகையில் ஆச்சிக்கு எண் 5. தாயைப் பெற்றவள் 7. அவளைப் பெற்றவர் என்ற வகையில் அதே ஆச்சிக்கு எண் 15. அப்பத்தாவும் அவரே, பூட்டியும் அவரே. எண்ணை அடையாளமாகக் கொண்ட நிரல் இந்த ஒருவரை இரண்டு பேராக்கிவிடும். ஒரு பதிவில் இறந்த ஆண்டைத் திருத்தினால் மற்றதில் பழையது அப்படியே நிற்கும்.

வரைபடத்திலும் இதே முடிச்சு விழுகிறது. மகனும் மகளும் உடன்பிறந்தவர்கள். ஒரே வரிசையில் நிற்க வேண்டும். மகனும் அவன் மனைவியும் தம்பதி. அவர்களும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அந்த மனைவி தன் தாய்க்கு ஒரு வரிசை கீழே நிற்க வேண்டும். மூன்று விதிகளும் சேர்ந்து நடக்க வழியே இல்லை. எதை விட்டுக்கொடுப்பது என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும். அதே ஆளை இரண்டு இடத்தில் காட்டி, இரண்டும் ஒருவரே என்று குறியிடலாம்; அல்லது வரிசை மாறிய நீண்ட கோட்டை ஏற்றுக்கொள்ளலாம். முடிவெடுக்காமல் எழுதிய நிரல் ஒரு கிளையை இருமுறை வரைகிறது. மேலும் கீழுமாக நடந்து உறவு தேடும் நிரலோ, ஏற்கெனவே பார்த்தவரா என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுபோகிறது.

இது தென்னாட்டு வழக்கத்தால் வந்த விதிவிலக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் கார்லோஸின் தந்தை நான்காம் பிலிப், தன் உடன்பிறந்தாள் மகளைத்தான் மணந்தார். ஹாப்ஸ்பர்க் வம்சாவளியை மரமாக வரைய முயன்றவர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டார்கள். பிரான்சில் டேனியல் தெ ரோக்லோத்ர் 1997இல் ஓகாமல் மொழியில் எழுதத் தொடங்கிய ஜீன்வெப் என்ற வம்சாவளி மென்பொருள், இரத்த உறவின் நெருக்கத்தைக் கணக்கிடும் வசதியோடு வளர்ந்தது. வம்சாவளி வலைப்பின்னல்தான் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதிய நிரலால்தான் அதைச் செய்ய முடியும்.

ஆளைத் தனியாகவும் தம்பதியைத் தனியாகவும் பதிவு செய்வதே இதற்குச் சரியான அடித்தளம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை 1984இல் கொண்டுவந்த ஜெட்காம் கோப்பு வடிவம் இதைத்தான் செய்கிறது. ஆளுக்கு ஒரு பதிவு. தம்பதிக்கு ஒரு பதிவு. பிள்ளைகள் தம்பதிப் பதிவில் தொங்குகிறார்கள். ஒருவருக்கு இரண்டு மனைவியர் என்றால் இரண்டு தம்பதிப் பதிவுகள். எந்தப் பிள்ளை யாருக்குப் பிறந்தது என்பதில் குழப்பம் வராது. சுவீகாரம் போன பிள்ளை பெற்றவர் வீட்டிலும் வளர்த்தவர் வீட்டிலும் இரு இடத்தில் இருக்கலாம். எது பிறப்பு, எது தத்து என்று குறிக்க வழியுண்டு. நகரத்தார் மரபில் மணமான தம்பதியை ஒரு புள்ளியாக எண்ணி நகரக் கோவிலில் பதிவு வைக்கும் முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கவனிக்கத்தக்கது. குடும்பத்தின் அலகு தனி ஆள் அல்ல, மணமான இணை என்பதை இரண்டு மரபுகளும் தனித்தனியே கண்டுகொண்டன.

ஆனால் ஜெட்காம் பிறந்த இடத்தின் வாசனையும் அதில் அழுத்தமாகவே இருக்கிறது. பெயர் வரியில் குடும்பப் பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே எழுத வேண்டும். தமிழருக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் தலைப்பெழுத்துத்தான் உண்டு. திருமணத்துக்குப் பின் பெண்ணின் தலைப்பெழுத்து மாறுவதும் உண்டு. சாய்கோடு இல்லாமல் எழுதினாலும் கோப்பு செல்லும். சிக்கல் அந்தக் கோப்பைப் படித்துத் தளமாக்கும் மென்பொருளில் வருகிறது. முகப்பிலேயே குடும்பப் பெயர் அகரவரிசை, தேடல் குடும்பப் பெயர் வழியாக, புள்ளிவிவரமும் அதன்படி. தமிழ்க் குடும்பத்தின் முந்நூறு பேரும் ‘குடும்பப் பெயர் அறியப்படாதவர்’ என்ற ஒரே குவியலில் போய் விழுவார்கள். இதற்குப் பயந்து தந்தை பெயரையே குடும்பப் பெயர் இடத்தில் போட்டவர்களுக்கு வேறு கேடு: ஒவ்வொரு தலைமுறையும் தொடர்பில்லாத தனிக் குடும்பமாகப் பிரிந்து நிற்கும். ஊர், வீட்டுப் பெயர், தாத்தா பெயர் என்று அந்த வீட்டார் தங்களை எப்படி அடையாளம் சொல்கிறார்களோ அதன்படி தேடல் அமைய வேண்டும்.

எழுத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜெட்காம் 5.5 பதிப்பின் முதன்மைக் குறியேற்றமான ஆன்செல் லத்தீன் எழுத்துக்கானது. யூடிஎஃப்-8ஐச் சேர்த்த 5.5.1 பதிப்பு 1999இல் வரைவாக வெளிவந்து, 2019இல்தான் முறையான தரமானது. 2021இல் வந்த 7.0 பதிப்பு யூடிஎஃப்-8 ஒன்றையே ஏற்கிறது. அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். நீண்ட வரியை 255ஆம் பைட்டில் வெட்டும் பழைய நிரல் எழுத்தின் நடுவிலேயே வெட்டி, பெயரைக் கேள்விக்குறியாக்கிவிடும். வரிசைப்படுத்துவதிலும் தவறு நேரும். யூனிகோடு எண் வரிசையில் ‘ற’ என்பது ‘ல’வுக்கு முன்னால் வருகிறது; தமிழ் நெடுங்கணக்கில் அது கடைசிக்கு முந்திய எழுத்து. எண் வரிசையை அப்படியே நம்பிய பெயர்ப் பட்டியலில் தமிழ் படித்தவருக்குப் பெயர் தேடக் கிடைக்காது.

உறவுச் சொல்லில் இன்னும் ஆழமான வேறுபாடு இருக்கிறது. ஒருவரைச் சொடுக்கினால் அவர் நமக்கு என்ன உறவு என்று காட்டுவது இந்த மென்பொருள்களின் விருப்பமான வசதி. ஆங்கிலத்தில் அங்கிள் என்ற ஒரே சொல்லால் சுட்டப்படுகிறவர் தமிழில் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரிகிறார். வழி தந்தையா தாயா, உடன்பிறந்தவர் ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்ற மூன்றும் தெரிந்தால்தான் சொல் கிடைக்கும். ஆங்கிலத்தில் கஸின் என்று முடிந்துவிடும் உறவு, தமிழில் ஒருபுறம் அண்ணன் தங்கை, மறுபுறம் மாமன் மகன், அத்தை மகள். ஒருபுறம் மணமே கூடாது, மறுபுறம் மணமுறை உண்டு. லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வில் தமிழரின் இந்த அமைப்பு முக்கிய இடம் பெற்றது. மெனுச் சொற்களை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு ‘தமிழில் கிடைக்கும்’ என்று அறிவிக்கும் தளம் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. பிறந்த தேதி தெரியாத பழைய தலைமுறைக்கும் மூப்பு இளமை தெரிந்திருக்கும். பிள்ளைகளை எழுதிய வரிசையே அதற்குச் சான்று. அந்த வரிசையைக் காக்காமல் பெயரின் அகரவரிசையில் அடுக்கும் நிரல், குடும்பம் மனத்தில் வைத்திருந்த ஒரு செய்தியை ஒரே நொடியில் தொலைத்துவிடுகிறது.

தேதியும் அப்படியே. தாத்தா இறந்த ஆங்கிலத் தேதி பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. மாதமும் பிறையும் திதியும் தெரியும், ஏனென்றால் ஆண்டுதோறும் திவசம் நடக்கிறது. பிறந்தது பிரபவ வருஷம் என்று மட்டும் ஒரு நோட்டில் இருக்கும். பிரபவ 1927இலும் தொடங்கியது, 1987இலும் தொடங்கியது. அறுபது ஆண்டு முன்னும் பின்னும் தள்ளிப்பார்த்து மற்ற உறவுகளைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும். ஜெட்காமில் முறையாக விளக்கப்பட்ட நாட்காட்டிகள் கிரெகோரியன், ஜூலியன், எபிரேயம், பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டி ஆகிய நான்கு. திதியைக் குறிப்பாக எழுதிவைக்க இடமுண்டு. அதைக் கணக்கிட்டு இந்த ஆண்டு திவசம் எந்த நாளில் வருகிறது என்று காட்ட, அந்த வழக்கம் உள்ள வீட்டிலிருந்து ஒருவர் நிரல் எழுதினால்தான் உண்டு. தெரியாத தேதிக்கு ஜனவரி 1 என்று தானாகவே நிரப்பும் படிவம் செய்கிற கேடு பெரிது. ஊகம் ஒன்று ஆதாரம் போல நிலைத்து, நகல் நகலாகப் பரவிவிடும். ஒவ்வொரு செய்திக்கும் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்று, வாய்மொழி என்று எங்கிருந்து வந்தது என்பதையும், எவ்வளவு நம்பலாம் என்பதையும் குறிக்க ஜெட்காம் இடம் தருகிறது. நம்பகத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பும் உண்டு. அழகான படத்தில் இவை மறைந்துபோகின்றன.

எல்லாவற்றிலும் கனமானது உயிரோடிருப்பவர்களைப் பற்றிய பொறுப்பு. பிறந்த தேதி, தந்தை பெயர், தாயின் பிறந்த வீடு, சொந்த ஊர் ஆகியவை வங்கியும் அலுவலகமும் ஒருவரைச் சரிபார்க்கக் கேட்கிற விவரங்கள். வம்சாவளித் தளம் அவற்றையே ஒழுங்காக அடுக்கித் தருகிறது. சாதி மாறி மணந்து, வீட்டுக்குத் தெரியாமல் வேறு ஊரில் வாழும் பெண் எங்கே இருக்கிறாள் என்பதை ஒரு பக்கம் காட்டிக்கொடுத்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆணவக்கொலைகள் நடக்கிற நாட்டில் இது வெறும் கற்பனைக் கவலையாகாது. சுவீகாரம் வந்தவரிடம் யாரும் சொல்லாத செய்தி, முதல் மனைவி, இறந்தே பிறந்த குழந்தை ஆகியவற்றை யாருக்குச் சொல்லலாம் என்பது அந்த வீட்டார் எடுக்க வேண்டிய முடிவு.

சட்டமும் இதை வீட்டு விவகாரம் என்று விட்டுவிடுவதில்லை. சுவீடனில் தேவாலயப் பணியாளர் ஒருவர், தம்முடன் பணிபுரிவோரைப் பற்றித் தம் சொந்த வலைப்பக்கத்தில் எழுதினார்; ஒருவர் காலில் அடிபட்டு விடுப்பில் இருப்பதும் அதில் இருந்தது. லிண்ட்க்விஸ்ட் வழக்கு என்று அறியப்படும் இதில் ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் அளித்த தீர்ப்பின்படி, எண்ணற்ற மக்கள் பார்க்கும்படி இணையத்தில் வைப்பது தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாடு என்ற விலக்கில் அடங்காது. ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் தளங்களையும் இது நேரடியாகத் தொடும்.

மறைப்பதை எந்த இடத்தில் செய்வது என்பதே இங்கு மென்பொருள் நுட்பம். முழுக் குடும்பத்தின் விவரத்தையும் ஒரே ஜேசன் கோப்பாக உலாவிக்கு அனுப்பிவிட்டு, உயிரோடிருப்பவரின் பெட்டியைத் திரையில் மட்டும் மறைக்கிற நிரல்கள் ஏராளம். பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். தேடுபொறிகளைத் தள்ளி நிற்கச் சொல்லும் கோப்பு ஒரு வேண்டுகோள், பூட்டு ஆகாது. ஆகவே மறைக்க வேண்டியவை தளம் உருவாகும் கட்டத்திலேயே கழிக்கப்பட வேண்டும். வெளியே போகும் கோப்பில் அவை இருக்கவே கூடாது. படக்கோப்பின் பெயரிலும், செல்பேசிப் படத்தில் பதிந்திருக்கும் இடக்குறிப்பிலும், ‘மூன்று பிள்ளைகள், ஒருவர் மறைக்கப்பட்டுள்ளார்’ என்ற எண்ணிக்கையிலும்கூட செய்தி கசியும்.

யார் உயிரோடிருக்கிறார் என்று முடிவு செய்வதும் எளிதல்ல. வெப்ட்ரீஸ் போன்ற மென்பொருள், இறந்த செய்தி இல்லாவிட்டால் பிறந்து 120 ஆண்டு கடந்தவரை இறந்தவராகக் கொள்ளும். அந்த எண்ணை மாற்றவும் முடியும். பிறந்த ஆண்டே தெரியாத பூட்டியை எப்படிக் கணக்கிடுவது? கவனமான நிரல் அவரை உயிரோடிருப்பவராகக் கொண்டு மறைத்துவிடும். பழைய பெண்கள் வரிசையாகத் தளத்திலிருந்து காணாமல் போவார்கள். ஏற்கெனவே வம்சாவளிகளில் பெண்கள் பெயர் விடுபட்டிருப்பது போதாதென்று மென்பொருளும் அவர்களை அழிக்கக் கூடாது. பேரனின் திருமண ஆண்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடலாம். அல்லது ‘காலமானார், தேதி தெரியாது’ என்று ஒரே சொடுக்கில் குறிக்கும் பொத்தான் வைக்கலாம். சிறிய பொத்தான்தான். அது இல்லாததால் எத்தனையோ ஆச்சிகள் தங்கள் வம்சாவளியிலேயே பெயரற்ற பெட்டிகளாக நிற்கிறார்கள்.

இதையெல்லாம் பெரிய நிறுவனம் பாதுகாப்பாகச் செய்யும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். பழைய ஆவணங்களைத் தேடித் தருவதில் அந்நிறுவனங்களின் பணி உண்மையானது; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தேடுவது வேறு, வெளியிடுவது வேறு. மரபணு வழி உறவு காட்டும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 14,000 கணக்குகளுக்குள் புகுந்தவர்கள், உறவினரைக் காட்டும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரத்தைப் பெற்றார்கள். ஒருவர் கடவுச்சொல்லில் காட்டிய அசட்டைக்கு அவரது தொலைதூர உறவுகள் எல்லாம் விலை கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. வம்சாவளித் தளமான மைஹெரிடேஜின் 9.2 கோடிப் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருந்தது 2018இல் தெரியவந்தது. மரபணு, வம்சாவளி விவரங்கள் தனி இடத்தில் இருந்ததாக நிறுவனம் கூறியது. குடும்பங்கள் கூடிப் பேசிப் படம் சேர்த்த மைஃபேமிலி தளம் 2014இல் மூடப்பட்டது. ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அதில் இலவசமாக இடம் பெற்றிருந்த வம்சாவளிப் பக்கங்களும் போயின.

சொந்தத் தளமும் அதை நடத்துகிறவர் காலமானதும் நின்றுபோகுமே என்ற மறுமொழி நியாயமானது. முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லாவிட்டால் தளம் மறையும். இதற்கு விடை மென்பொருளை அமைக்கும் விதத்தில் இருக்கிறது. தரவுத்தளமும் பி.எச்.பி. நிரலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய தளத்தை ஒருவர் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் பழுதாகும், களவும் போகும். 2001இல் தொடங்கிய கிராம்ப்ஸ் போன்ற மென்பொருள், வீட்டுக் கணினியிலேயே விவரத்தை வைத்துக்கொண்டு வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்களாகத் தளத்தை எழுதித் தருகிறது. அந்தக் கோப்புறையை அப்படியே ஐந்து வீடுகளுக்கு நகலெடுத்துக் கொடுக்கலாம். இணையம் இல்லாமலே திறக்கும். அச்சிட்டு நோட்டாகவும் கட்டலாம். தளம் நின்றாலும் குடும்பத்தின் கையில் அது இருக்கும்.

இலவசமாக இத்தனை மென்பொருள் இருக்க, புதிதாக ஏன் எழுத வேண்டும் என்ற கேள்விக்கு அவற்றின் வரலாறே விடை தருகிறது. 2002இல் தொடங்கிய பி.எச்.பி.ஜெட்வியூவை எடுத்துக்கொண்டு 2010இல் சிலர் வெப்ட்ரீஸாக வளர்த்தார்கள். ஜீன்வெப், கிராம்ப்ஸ் எல்லாமே மூலநிரல் திறந்திருப்பதால் அடுத்தவர் கைவைக்க முடிந்தவை. திதிக் கணக்கு, தமிழ் உறவுச் சொல், தலைப்பெழுத்துத் தேடல் ஆகியவற்றை அவற்றின் மேலேயே கட்டலாம். முழுவதும் புதிதாக எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. படம் வரைவதோடு வேலை முடிந்தது என்று முதலில் எழுதியவர்கள் எண்ணியிருந்தால் இவற்றில் எதுவும் இன்று இருந்திருக்காது.

புதிதாக எழுதுகிறவரும் ஒரு சோதனைக்கு உட்பட வேண்டும். தம் மென்பொருளில் ஏற்றிய குடும்பத்தை ஜெட்காம் கோப்பாக வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் ஏற்றி, இரண்டையும் ஆள் ஆளாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆச்சி ஒருவராகவே இருக்கிறாரா, பிள்ளைகளின் மூப்பு வரிசை மாறாமல் இருக்கிறதா, திதிக் குறிப்பு வந்து சேர்ந்ததா, சுவீகாரப் பிள்ளைக்கு இரண்டு வீடும் இருக்கின்றனவா, மறைக்கச் சொன்னவர்கள் மறைந்தே இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஏதாவது தொலைந்திருந்தால், பெரிய நிறுவனத்திடம் கண்ட அதே குறை சிறிய அளவில் இங்கும் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை அந்த மென்பொருளை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கக் கூடாது.